தம்பி சொன்னான்

மகனே,

ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். கடைசிவரை வாசித்த பிறகு இதற்குப் பதில் ஸலாம் சொல்ல உனக்கு மனம் வருமோ தெரியாது. வராவிட்டால் கோபிக்க மாட்டேன். ஒரு மனிதன் ஆயுள் முழுக்கக் கோபிக்க வேண்டியதை உன் சின்ன வயதிலேயே உன்மேல் கோபித்துத் தீர்த்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நீ மாப்பிள்ளையாக மருதமுனைக்குப் போகிறாய். நம் பக்கத்தில் மகள்மார் வீட்டில் இருப்பார்கள், மகன்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் அப்படித்தான் உன் உம்மாவின் இந்த வீட்டுக்கு வந்தேன். உன் உம்மா மூன்று நாளாக உன் சட்டைகளை மடிப்பதும், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பதுமாக இருக்கிறாள். எனக்கு அந்த வேலையும் தெரியாது, வாய்விட்டு அழவும் வராது. முப்பது வருஷம் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு எழுதத்தான் தெரியும். உனக்கு மாமனார் இல்லை. அவர் மௌத்தாகி நாலு வருஷமாக அந்த வீட்டில் தாயும் மகளும்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த வீட்டின் ஆம்பிளை நீ. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த வழக்கம்தான், ஆனாலும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஆண்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால், உள்ளேயிருந்து பெண்களோ பிள்ளைகளோ ‘ஊட்ட ஆம்புளயள் இல்ல’ என்று குரல் கொடுப்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வந்தவர் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார். நிழலுக்கு ஒதுங்கி நிற்க மாட்டார், வேலியில் சாய மாட்டார், வரும்வரை இருக்கிறேன் என்று சொல்ல மாட்டார். வந்த காலோடு திரும்பிவிடுவார். எவ்வளவு அவசரமாக வந்தவரும் அப்படித்தான். அது ஊர் நம் பெண்களுக்குக் கொடுக்கிற மரியாதை. அந்த மரியாதைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்ட ஆம்பிளை நான்.

சூறாவளி அடித்த வருஷம் உனக்குப் பத்து வயது. அந்த இரவை நீ மறந்திருக்க மாட்டாய். விடிந்து பார்த்தபோது நம் ஒழுங்கையில் ஒரு தென்னை நிமிர்ந்து நிற்கவில்லை. நம் வீடு கல் வீடு என்பதால் ஓடு மட்டும் போனது. ஒழுங்கை முடிவில் சைக்கிள் திருத்துகிற ஆதம்பாவாவுக்குச் சுவரே போய்விட்டது. மனைவியையும் மகள் ஜெஸீமாவையும் கூட்டிக்கொண்டு, விழுந்த கிடுகுகளைக் கூட்டிக் கட்டிய ஒரு பந்தலுக்குள் இருந்தார். கிணறுகளில் கடல் தண்ணீரும் செத்த கோழிகளும் கிடந்தன. நான் அந்த வாரம் பள்ளிவாசலுக்கு மூன்று மூட்டை அரிசி கொடுத்தேன். பெயரை வாசித்தார்கள், எழுந்து நின்று தலையாட்டினேன். மூன்று மூட்டை அரிசியைத் தூக்கிக் கொடுப்பது எனக்கு லேசாக இருந்தது, மகனே. கதிரையை விட்டு எழும்புவதுதான் முடியாமல் போனது.

நிவாரணத்துக்குக் கொடுத்த படிவம் சிங்களத்தில் இருந்தது. நம் ஒழுங்கையில் சிங்களம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். முதல் வாரத்தில் பத்துப் பதினைந்து பேருக்கு நிரப்பிக் கொடுத்தேன். பிறகு அலுத்துவிட்டது. ஆதம்பாவா கடைசியில் வந்தவர். படிவத்தை மழை படாமல் ஒரு பொலித்தீன் பைக்குள் சுருட்டி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வருவார். வந்தால் உடனே படிவத்தை எடுக்க மாட்டார். ‘காக்கா’ என்று என்னை மூத்தவனாக வைத்துக் கூப்பிட்டு உம்மாவின் சுகம் கேட்பார், ‘தம்பி’ என்று சொல்லி உன் படிப்பைக் கேட்பார், காற்று எப்படி எப்படிச் சுழன்றது என்று முதலிலிருந்து சொல்வார். கேட்க வந்ததைக் கேட்பதற்கு வெட்கம் அந்த மனுஷனுக்கு. அந்த வெட்கத்தை நான் வளவளப்பு என்று எடுத்துக்கொண்டேன். ‘நாளைக்கு வாங்க’ என்பேன். அடுத்த நாளும் வருவார். அரை மணித்தியால வேலை அது. அதை நான் ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வந்தார். நீதான் கேற்றடிக்குப் போனாய். ‘வாப்பா இரிக்கார், வாங்க மாமா’ என்று உரக்கச் சொல்லிக் கூட்டி வந்தாய். நான் முகம் கொடுக்காமல் இரண்டு வார்த்தை பேசி, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டு, அவர் கேற்றைச் சாத்துவதற்குள் உன் கன்னத்தில் அறைந்தேன். ‘இனி ஆரு வந்தாலும் ஆம்புளயள் இல்ல எண்டு சொல்லு, விளங்கிச்சா?’ என்றேன். நீ ஓம் என்றாய். அறைந்த சத்தம் வெளியே கேட்டிருக்கும் என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அந்தக் காலத்தில் பிள்ளையை அடிப்பதைக் கண்டிப்பு என்றுதான் சொன்னோம்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தேன். உம்மா கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். முன் கொட்டில் சரிந்துவிட்டதால் என் மோட்டார் சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் குசினிப் பக்கம் நின்றது, தெருவிலிருந்து தெரியாது. யன்னலால் பார்த்தேன், ஆதம்பாவா வருகிறார். மறுபடியும் அந்தப் படிவம் என்று எனக்கு எரிச்சல் மூண்டது. உன்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். நீ போனாய். காலையில் சொன்ன அதே பிள்ளையின் குரலா என்று எனக்கே இருந்தது, அவ்வளவு சின்னதாகச் சொன்னாய்: ‘வாப்பா இல்ல. ஊட்ட ஆம்புளயள் இல்ல.’

‘எப்ப வருவார் மகன்?’

‘தெரியா.’

அவர் வந்த காலோடு திரும்பிப் போய்விட்டார். நீ உடனே உள்ளே வரவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாய், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாய். விளையாடிவிட்டு வருகிறாய் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல நித்திரை. அதையும் எழுதத்தான் வேண்டும், நான் அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

அவர் படிவத்துக்கு வரவில்லை. ஜெஸீமாவுக்கு முந்திய இரவு தொடங்கிய வயிற்றோட்டம், காலையில் அவர் நம் வீட்டுக்கு வந்துபோன பிறகு மோசமாகிவிட்டது. என் மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் கால் மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வந்திருக்கிறார். வாசலில் நின்ற ஒரு சின்னப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பயங்காட்டுவானேன் என்று சொல்லாமல் போயிருக்கிறார். பெரிய தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸுக்கு நின்றார்கள். மரங்கள் விழுந்து கிடந்த தெருவில் பஸ் எந்த நேரத்துக்கு வரும்? கடைசியில் ஒரு மாட்டு வண்டியில் போனார்கள். பொழுதுபட்டு மஃரிப் தொழுகை முடிந்து நான் பள்ளிவாசலால் வெளியே வந்தபோது, பாங்கு சொல்கிற மோதினார் ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சைக்கிள்கார ஆதம்பாவாவின் மகள் மௌத். ஐந்து வயது.

வீட்டுக்கு வந்தேன். உனக்கும் செய்தி தெரிந்திருந்தது. நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் அலுமாரியைத் திறந்து, பெருநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த பிஸ்கட்டில் இரண்டை எடுத்து உன் கையில் வைத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று என்னை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டிரு என்பதற்கு ஒரு தகப்பன் கண்டுபிடித்த நாகரிகமான வழி அது. அடுத்த நாள் அந்த இரண்டு பிஸ்கட்டும் உன் பாயோரத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தன.

ஜனாஸாவுக்குப் போனேன். அந்தச் சின்ன மையத்தைத் தூக்க நாலு பேரும் சந்தூக்கும் தேவைப்படவில்லை, ஆதம்பாவா கையில் ஏந்திக்கொண்டுதான் போனார். மண் போட்டுவிட்டு வரும்போது அவர் பக்கத்தில் போய் நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: ‘நான் சம்மாந்துறைக்குப் போயிருந்தன், ஆதம்பாவா. தெரிஞ்சிருந்தா பறந்து வந்திருப்பன்.’ மையவாடிக்குள் நின்றுகொண்டு இதைச் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ‘ஓம் காக்கா. தம்பி சொன்னான்’ என்றார்.

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. நீ நான் சொன்னபடி சொல்லியிருக்கிறாய், அவரும் நம்பிவிட்டார், விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நானே அவர் பந்தலுக்குப் போய் அந்தப் படிவத்தை வாங்கி நிரப்பினேன். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற இடம் வந்தது. அவர் முன்பு யாரையோ கொண்டு பென்சிலால் மூன்று என்று எழுதி வைத்திருந்தார். அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று ஊர் சொல்கிறது. யார் எந்தப் படிவத்தோடு வந்தாலும் அந்த நிமிஷமே எழுந்து எழுதிக் கொடுத்தேன், சாப்பாட்டிலிருந்து எழும்பியும் எழுதினேன். பிறகு வந்த வருஷங்களில், முஸ்லிம்களான நமக்கும் தமிழர்களுக்கும் இடையில் பேச்சு அறுந்து, மாலையானால் இந்தப் பக்கத்துக் கதவுகளும் அந்தப் பக்கத்துக் கதவுகளும் சாத்தப்பட்ட நாட்களில், பாண்டிருப்பிலிருந்து ஒரு தமிழ் முதியவர் பயந்து பயந்து வந்தார். சுற்றிவளைப்பில் படையினர் பிடித்துக்கொண்டு போன மகனைப் பற்றி விசாரித்து ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுதினேன். ஊர் எல்லைவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோயும் விட்டேன். ‘ஐயா, நீங்க நல்லா இருக்கோணும்’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும்போல் இருந்தது. வாசலில் யாராவது கூப்பிட்டால் எனக்கு நெஞ்சு பதறும், அதனால் எழும்பினேன். நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்ததெல்லாம் அந்தப் பதற்றத்தால்தான். அதை இரக்கம் என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது.

நீயும் மாறினாய். அந்த நாளுக்குப் பிறகு கேற்றடியில் யார் கூப்பிட்டாலும் நீ போனதில்லை. உன் தங்கை போவாள், இல்லாவிட்டால் உம்மா போவாள். கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டால் ஆதம்பாவாவின் சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்துவிடுவாய். காற்றடித்துக் கொடுப்பாய், டியூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்ப்பாய், அவர் வீட்டுக்குக் குடிதண்ணீர் சுமப்பாய். கிறீஸ் கையோடு வீட்டுக்கு வராதே, எழுதுவினைஞனின் மகன் சைக்கிள் கடையில் கிடக்கிறான் என்று ஊர் சிரிக்கிறது என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். நீ ஒரு தரமும் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த நாளும் அங்கேயே போனாய்.

போன செவ்வாய்க்கிழமை உன் கலியாணத்துக்குச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட்டுத் திரும்பிவிட நினைத்துத்தான் போனேன். வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு எழும்பப் போனவன் மறுபடி உட்கார்ந்தேன். பதினொரு வருஷம் போதும் என்று தோன்றியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்.

‘ஆதம்பாவா, அண்டைக்கு நான் சம்மாந்துறைக்குப் போகல்ல. ஊட்டதான் இருந்தன்.’

அவர் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதை நிறுத்தவில்லை.

‘தெரியும் காக்கா. தம்பி சொன்னான் எண்டு அண்டைக்கே உங்களுக்குச் சொன்னன்தானே.’

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் சொன்னார். நம் வீட்டிலிருந்து திரும்பி ஒழுங்கை முடக்கில் இருக்கிற மதகடிக்குப் போவதற்குள், நீ வெறுங்காலோடு ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாயாம். ‘மாமா, வாப்பா ஊட்டதான் இரிக்கார். வாங்க, வாங்க’ என்று அழுதாயாம்.

‘மறுகா ஏன் நீங்க திரும்பி வரல்ல?’ என்று கேட்டேன். கேட்டுவிட்டேன், மகனே. அவரைக் குற்றஞ்சாட்டுகிறவன்போலக் கேட்டேன்.

‘காலமே நீங்க அடிச்ச அடி கேற்றடிக்குக் கேட்ட. தம்பிட கன்னத்தில வெரல் அப்பிடியே கிடந்த. நான் திரும்பி வந்தா ஆரு சொன்ன எண்டு உங்களுக்கு விளங்கிடும். மறுகாலும் அவனுக்குத்தான் உழும். என்ட புள்ள அந்நேரம் கதைச்சிக்கிட்டுத்தான் இருந்த, காக்கா. பஸ் வரும் எண்டு நினச்சன்.’

உன் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டு, ‘வாப்பாக்கிட்ட ஒண்டும் சொல்லாத, ஊட்ட போ’ என்று அனுப்பினாராம். என் கைக்குப் பயந்து, என் பிள்ளைக்கு இன்னொரு அடி விழக் கூடாதென்று, அந்த மனுஷன் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்திருக்கிறார். அதற்கு என்ன விலையாகும் என்று அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் ஒரு நாள்கூட உன்னைக் கடையிலிருந்து விரட்டவில்லை.

‘பொருந்திக்கொள்ளுங்க’ என்று மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன கேட்பது?

‘நான் எப்பவோ பொருந்திட்டன். ஆனா ஜெஸீமாட உம்மாக்கிட்ட இதக் கேட்டுராதீங்க. நீங்க ஊட்ட இல்ல எண்டுதான் அவ நினச்சிக்கிட்டு இரிக்கா. அது அப்பிடியே கிடக்கட்டும்’ என்றார்.

அப்போதுதான் உள் கதவின் சீலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. நாங்கள் பேசியது அவவுக்குக் கேட்டிருக்கவில்லை. ‘காக்காவ தேத்தண்ணி குடிக்காமப் போக விட்டுராதீங்க’ என்று அவரிடம் சொன்னா. பிறகு என்னிடமே சொன்னா: ‘தம்பிட கலியாணத்துக்கு நாங்க வராம ஆரு வாற? என்ட புள்ள இருந்தா இப்ப பதினாறு வயசு. அண்டைக்கு நீங்க மட்டும் ஊட்ட இருந்திருந்தா, எப்பிடியும் அவளக் கொண்டு சேத்திருப்பீங்க, காக்கா. நான் நெடுக இதத்தான் சொல்ற.’

தேத்தண்ணீர் வந்தது. குடித்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

மகனே, இதையெல்லாம் உன் மனத்தைப் புண்படுத்த எழுதவில்லை. நீ பத்து வயதிலிருந்து ஒன்றைச் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்திருந்தால் மாமா வந்திருப்பாரே, முதலிலேயே அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று நீ நினைக்காத நாள் இருந்திருக்காது. அந்தச் சொல் உன் வாயால் வந்தது, ஆனால் அது உன்னுடையதல்ல. என்னுடையது. கியாமத்து நாளில் அல்லாஹ் கணக்குக் கேட்டால் என்னைத்தான் கேட்க வேண்டும். நீ செய்ய வேண்டியதை வெறுங்காலோடு ஓடிப்போய்ச் செய்தாய். இந்த வீட்டில் அன்று ஒரு ஆம்பிளை இருந்தான் என்றால் அது நீதான்.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். மருதமுனையில் உன் வாசலில் யாராவது கூப்பிட்டால் எழும்பு. அலுப்பாக இருந்தாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும், வருகிறவர் ஒன்பது நாளாக ஒரே கதையைச் சொல்கிறவராக இருந்தாலும் எழும்பி வாசல்வரை போ. எதற்கு வந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேள். யன்னலால் பார்த்து எனக்குத் தெரியும் என்று இருந்துவிடாதே. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். உண்மையைச் சொன்னதற்காக ஒரு பிள்ளையை அடிக்காதே. உன் பிள்ளைக்கு உன் கையைப் பற்றி இருக்கிற பயம் தெருவில் போகிற மனிதனையும் தடுத்து நிறுத்தும். எழும்புவதும் கையை மடக்கிக்கொள்வதும் எவ்வளவு சின்ன வேலை! அந்த இரண்டையும் நான் ஒரே நாளில் செய்யாமல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆதம்பாவாவும் மனைவியும் வருவார்கள். மாப்பிள்ளையாகப் புறப்படும்போது முதல் ஸலாம் அந்தத் தாய்க்குச் சொல்லு. அவ என்னைப் புகழ்ந்து ஏதாவது சொன்னால் மறுத்துப் பேசாதே, கேட்டுக்கொண்டு நில். நானும் அப்படித்தான் நிற்பேன். சாகும்வரை அப்படித்தான் நிற்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் சட்டைகளுக்குக் கீழே வைக்கிறேன். என்னைப் பொருந்திக்கொள் என்று உன்னிடம் கேட்க இன்னும் வாய் வரவில்லை. கேட்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நீயாக இந்தப் பக்கம் வந்து, கேற்றடியில் நின்று கூப்பிடு. எந்த நேரமானாலும் கூப்பிடு. வாப்பா வீட்டில்தான் இருக்கிறேன்.